நெஞ்சு எரியுது என்றேன்... இடுப்பை அளந்தார் டாக்டர்!



நெஞ்செரிச்சல், புளிச்ச ஏப்பம், கேஸ் ட்ரபிள் என்று பேச்சு எடுத்தாலே போதும், நம் பெண்களிடம் ஆளுக்கொரு கைவைத்தியம் இருக்கும். ஓமத் தண்ணீர், சீரகத் தண்ணீர், ஆறின பால், மோரில் பெருங்காயம் என்று வரிசையாகச் சொல்வார்கள். எல்லாம் சரிதான், நானும் குடித்திருக்கிறேன். ஆனால் இடுப்புச் சுற்றளவைப் பற்றி மட்டும் யாரும் வாயே திறப்பதில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக் கொள்ளுங்கள்.

நான் ஆழ்வார்பேட்டையில் இருக்கும் 54 வயது இல்லத்தரசி. உயரம் ஐந்தடி ஓர் அங்குலம். நாற்பத்தைந்து வயது வரை எடை 58 கிலோவைத் தாண்டியதில்லை. மாதவிடாய் நிற்கிற சமயத்தில் ஏற ஆரம்பித்து, ஐம்பத்திரண்டாவது வயதில் 69-இல் வந்து நின்றது. கை, கால், முகம் எல்லாம் அப்படியேதான் இருந்தன. சேர்ந்ததெல்லாம் வயிற்றில். அந்த வயதில் கொழுப்பு வயிற்றைத் தேடிப்போய் உட்காருவது பெண்களின் உடம்புக்கு வழக்கம்தானாம். "நல்லா பூசினாப்ல இருக்கே"ன்னு சொந்தக்காரர்கள் பாராட்டிவிட்டுப் போனார்கள்!

எடையோடு கூடவே வந்தது எரிச்சல். பகலில் அவ்வளவாகத் தெரியாது. ராத்திரி படுத்து, கண்ணயர்ந்து, ஒரு மணி சுமாருக்கு நெஞ்சுக்கு நடுவே அடுப்பு பற்ற வைத்த மாதிரி எழுப்பிவிடும். தொண்டை வரைக்கும் புளித்த தண்ணீர் எதுக்களித்துக்கொண்டு வரும். எழுந்து உட்கார்ந்தால் அடங்கும், படுத்தால் மறுபடியும். காலையில் குரல் கம்மிப் போயிருக்கும். சளியே இல்லாமல் வறட்டு இருமல் வேறு. நான் பாட்டுக்கு ஹாலில் நாற்காலியில் சாய்ந்தபடியே தூங்கின ராத்திரிகள் எத்தனையோ.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் குடைந்துகொண்டே இருந்தது. என் நாத்தனார் எங்கள் மாடியில்தான் இருக்கிறாள். என் வீட்டுச் சாம்பார்தான் அவளுக்கும் போகும். மிளகாய் பஜ்ஜி நாலு சாப்பிட்டுவிட்டு, மேலே ஒரு டம்ளர் காபியும் குடித்துவிட்டு, குறட்டை விட்டுத் தூங்குவாள். எனக்கு மட்டும் ஏன்? அதே புளி, அதே மிளகாய், அதே எண்ணெய்தானே!

முதலில் போன கிளினிக்கில் டாக்டர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கேஸ்தாம்மா" என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். சாப்பிடுகிற வரை நன்றாக இருக்கும், நிறுத்தினால் பழைய குருடி கதவைத் திறடி. ஒருநாள் எரிச்சல் தாங்க முடியாமல், இது இதயமாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று பயம் வந்து, வேறொரு டாக்டரிடம் கூட்டிப் போனார் என் கணவர். அந்த டாக்டர் அம்மா முதல் வேலையாக ஈ.சி.ஜி. எடுக்கச் சொன்னார். அதில் ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் மற்ற பேச்சு.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்லிவிடுகிறேன். நெஞ்சில் எரிச்சலா, மாரடைப்பா என்று வீட்டில் உட்கார்ந்து நாமே முடிவு கட்டக் கூடாது. பெண்களுக்கு மாரடைப்பு வரும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிற சினிமா வலி இல்லாமல், அஜீரணம் மாதிரியே ஆரம்பிப்பது உண்டு. எரிச்சலோடு வியர்த்துக் கொட்டினாலோ, மூச்சு வாங்கினாலோ, வலி தாடைக்கோ கைக்கோ முதுகுக்கோ பரவினாலோ ஓமத் தண்ணீர் கொதிக்க வைத்துக்கொண்டிருக்காமல் 108-க்குப் போன் செய்யுங்கள். சர்க்கரை வியாதி உள்ளவர்கள் இன்னும் உஷார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஈ.சி.ஜி.யைப் பார்த்த டாக்டர், மேஜை டிராயரிலிருந்து ஒரு டேப்பை எடுத்தார். ஜாக்கெட்டுக்கு அளவெடுக்கிற டேப் மாதிரிதான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நெஞ்சு எரியுதுன்னு வந்தா இடுப்பை அளக்கறீங்களே டாக்டர்!" என்றேன். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில் வைத்து அளந்தார். 94 சென்டிமீட்டர். "நம்ம ஊர்ப் பெண்களுக்கு 80-க்குள்ள இருக்கணும். இதுதான் உங்களைத் தூங்க விடாம பண்ணுது" என்றார்.

அவர் சொன்ன விளக்கம் எனக்கு அப்படியே மனசில் பதிந்துவிட்டது. நம் பாட்டிமார் இடுப்பில் செருகியிருப்பார்களே, வெற்றிலை பாக்கு போடும் சுருக்குப் பை, இரைப்பையை அந்த மாதிரி நினைத்துக்கொள்ளச் சொன்னார். உணவுக்குழாய் வந்து இரைப்பையில் சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் இருக்கிறது. அதுதான் சுருக்குக் கயிறு. சாப்பாடு இறங்கும்போது திறக்கும், பிறகு மூடிக்கொள்ளும். மூச்சுக்கு உதவுகிற உதரவிதானமும் அதே இடத்தில் வெளியிலிருந்து ஒரு பிடி பிடித்துக்கொள்ளும். இரைப்பைக்குள் இருப்பது கடும் அமிலம். அதைத் தாங்குகிற உள்பூச்சு இரைப்பைக்கு உண்டு, உணவுக்குழாய்க்குக் கிடையாது. ஆகவே அமிலம் மேலே ஏறினால் எரியத்தான் செய்யும்.

இப்போது அந்தச் சுருக்குப் பையைக் கீழேயிருந்து ஒருவர் கையால் அமுக்கிக்கொண்டே இருக்கிறார் என்று வையுங்கள். என்ன ஆகும்? கயிறு எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் கொஞ்சம் கொஞ்சமாக வாய் நெகிழத்தான் செய்யும். அந்தக் கைதான் வயிற்றுக் கொழுப்பு. வெளியே தெரிகிற தொப்பை மட்டுமல்ல, உள்ளே குடலைச் சுற்றிச் சேர்கிற கொழுப்பும்தான். இடுப்புச் சுற்றளவு கூடக் கூட இரைப்பைக்குள் அழுத்தமும் கூடுகிறது என்று குழாய் விட்டு அளந்தே பார்த்திருக்கிறார்கள். நாளாக ஆக இரைப்பையின் மேல்பகுதி உதரவிதானத்தின் துவாரம் வழியாக நெஞ்சுப் பக்கம் லேசாக ஏறிக்கொள்வதும் உண்டு. ஹயாட்டஸ் ஹெர்னியா என்கிறார்கள். அப்புறம் அந்த வளையமும் உதரவிதானமும் ஓரிடத்தில் சேர்ந்து பிடிக்க முடியாமல் போய்விடுகிறது.

பிள்ளை பெற்ற நமக்கு இதைப் புரிய வைக்க டாக்டரே வேண்டாம். ஏழு, எட்டு மாதத்தில் நெஞ்செரிச்சல் வந்ததே, நினைவிருக்கிறதா? அந்தக் காலத்து ஹார்மோன் அந்த வளையத்தைத் தளர்த்துகிறது, வளரும் கர்ப்பப்பை கீழேயிருந்து தள்ளுகிறது. பிரசவம் ஆனதும் பெரும்பாலும் தானாக நின்றுவிடும். பத்து மாதத்தில் இறங்கிவிடுகிற பாரத்துக்கே அப்படியென்றால், வருஷக்கணக்காக இறக்கி வைக்காத பாரத்துக்கு?

"அப்ப ஒல்லியா இருக்கறவங்களுக்கு வராதா?" என்று கேட்டேன். வரும். எடை ஒன்றே காரணம் இல்லை. சிகரெட், மது, சில ரத்தக்கொதிப்பு மாத்திரைகள், ஆஸ்துமா மருந்துகள் என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் முன்பு இல்லாமல், எடை கூடின பிறகு வந்திருந்தால் முதலில் பார்க்க வேண்டியது எடையைத்தான் என்றார்.

அன்று அவர் கேட்ட இன்னொரு கேள்விதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. "பாவாடை நாடாவை எவ்வளவு இறுக்கிக் கட்டுவீங்க?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. புடவை நழுவக் கூடாதென்று இடுப்பில் தழும்பு விழுகிற அளவுக்குத்தானே கட்டுகிறோம்! ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்து மருத்துவர்கள் 2014-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். எந்த எரிச்சலும் இல்லாதவர்களுக்கு, பளு தூக்குபவர்கள் அணிகிற அகலமான பெல்ட்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிச் சோதித்தார்கள். அந்தத் தசை வளையம் மேலே தள்ளப்பட்டு, அமிலம் உணவுக்குழாயின் அடிப்பகுதிக்கு ஏறியது. இடுப்பு பெருத்தவர்களுக்கு பெல்ட் இல்லாமலேயே அந்த மாதிரி இருந்தது. பெல்ட்டும் தொப்பையும் செய்வது ஒரே வேலை! அன்றிலிருந்து நான் நாடாவை மாற்றி, இரண்டு அங்குல அகலப் பட்டி வைத்த பாவாடை தைத்துக்கொண்டேன். சாப்பிட உட்காரும் முன் ஒரு சுற்றுத் தளர்த்திக்கொள்வேன். வீட்டில் இருக்கும்போது இதற்கு என்ன கூச்சம்?

என் மகள் இதையெல்லாம் கேட்டுவிட்டு இன்னொரு பெரிய ஆய்வையும் எனக்குப் படித்துச் சொன்னாள். அமெரிக்காவில் 1976-இல் நர்சுகளை வைத்து ஓர் ஆய்வு தொடங்கி, அதே பெண்களைப் பல வருஷங்கள் தொடர்ந்து கவனித்து வந்தார்கள். அவர்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நெஞ்செரிச்சலைப் பற்றிக் கேட்டு, 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். எடை கூடக் கூட எரிச்சலும் கூடியது என்பதில் வியப்பில்லை. குண்டு என்று சொல்ல முடியாத, சாதாரண எடையுள்ள பெண்களுக்குக்கூட எடை கொஞ்சம் ஏறியதும் எரிச்சல் அதிகமானது என்பதுதான் விசேஷம். உடல் எடைக் குறியீடு என்கிறார்களே, கிலோவை மீட்டர் உயரத்தால் இரண்டு தடவை வகுத்து வருவது, அது மூன்றரைக்கு மேல் குறைந்தவர்களுக்கு அடிக்கடி எரிச்சல் வரும் வாய்ப்பு கிட்டத்தட்ட நாற்பது சதவீதம் குறைந்ததாம். என் உயரத்துக்குக் கணக்குப் போட்டேன், மூன்றரை என்பது சுமார் எட்டரை கிலோ. எட்டாத உயரம் இல்லை என்று அப்போதுதான் தெம்பு வந்தது.

"அது வெள்ளைக்காரிங்க கதை" என்று தள்ளிவிட வேண்டாம். நமக்கு அளவுகோல் இன்னும் கறார். மேல்நாட்டில் அந்தக் குறியீடு 25-ஐத் தாண்டினால்தான் அதிக எடை. இந்தியர்களுக்கு 23-லேயே எச்சரிக்கை, 25-இல் பருமன் என்று நம் மருத்துவர்கள் 2009-இல் வகுத்துவிட்டார்கள். பார்க்க ஒல்லியாக இருந்தாலும் வயிற்றில் கொழுப்பு வைத்துக்கொள்கிற உடம்பு நம்முடையது. பக்கத்தில் கோபாலபுரத்திலேயே இருக்கிறது, டாக்டர் வி. மோகன் அவர்களின் நீரிழிவு ஆராய்ச்சி மையம். அவர்கள் சென்னை மக்களிடம் நடத்தி 2007-இல் வெளியிட்ட ஆய்வில், பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு வயிற்றுப் பருமன் இருந்தது, ஆண்களைவிட அதிகம். தேசிய குடும்ப நல ஆய்வைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் எடை அதிகமானவர்கள் 2015-16-இல் நூற்றுக்கு 31 பேர், 2019-21-இல் 40 பேர். இத்தனை பேர் வீட்டிலும் எத்தனை கெலூசில், டைஜீன் பாட்டில்கள் இருக்கும் என்று நான் யோசித்துப் பார்ப்பதுண்டு!

மாத்திரையைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கும் பான்டபிரசோல் எட்டு வாரத்துக்கு எழுதினார். காலையில் வெறும் வயிற்றில், டிபனுக்கு அரை மணி முன்பு சாப்பிட வேண்டும், சாப்பிட்ட பிறகு போட்டால் பலன் குறைவு என்றார். அது அமிலம் சுரப்பதைக் குறைக்கும். ஆனால் மேலே ஏறுவதை அது தடுக்காது, ஏறினாலும் சுடாமல் இருக்கும், அவ்வளவுதான். கீழேயிருந்து அமுக்குகிற கையை எந்த மாத்திரையும் எடுக்காது. மருந்துக் கடையில் நாமே கேட்டு வாங்கி வருஷக்கணக்கில் விழுங்குவது வேண்டாம் என்பது அவர் கண்டிப்பு. விழுங்கும்போது சிக்கினாலோ, தானாக எடை குறைந்தாலோ, வாந்தியில் ரத்தமோ மலம் தார் மாதிரி கறுப்பாகவோ வந்தாலோ உடனே எண்டோஸ்கோப்பி பார்க்க வேண்டும் என்றும் சொன்னார்.

இனி எடைக் கதை. டாக்டர் சொன்ன முதல் விதி, படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பு சாப்பாடு முடிந்திருக்க வேண்டும். கேட்க எவ்வளவு சுலபம்! எங்கள் வீட்டில் அவர் ஆபீஸ் முடிந்து வர ஒன்பது மணி. பரிமாறி, பேசி, மோர் சாதம் முடிந்து, கடைசியில் நான் உட்காரும்போது ஒன்பதே முக்கால். பாத்திரத்தில் மிச்சம் இருப்பதை வீணாக்கக் கூடாதென்று வீட்டில் இருக்கிற பெண் வயிற்றில் போட்டுக்கொள்வது எந்த வீட்டில்தான் இல்லை? பத்தரைக்குப் படுக்கை. நிறைந்த இரைப்பை, மேலே தொப்பை, படுத்த வாக்கில் உடம்பு. அமிலத்துக்கு இதைவிட வசதி வேண்டுமா?

"நான் ஏழு மணிக்கே சாப்பிட்டுடப் போறேன்" என்று ஒருநாள் சாயங்காலம் அறிவித்தேன். என் மாமியாருக்கு 82 வயது. அவர் என்ன சொல்வாரோ என்றுதான் எனக்குப் பயம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சின்ன மாமியார், "புருஷன் பசியோட வர்ற நேரம், இவ சாப்பிட்டுட்டு ஏப்பம் விடறதா?" என்று ஆரம்பித்தார். என் மாமியார் குறுக்கே புகுந்து, "நான் கூடத்தான் அவன் வர்றவரைக்கும் பசியோட உக்காந்திருக்கேன், யாரு கேட்டா? ஏழு மணிக்கு எனக்கும் சேர்த்துத் தட்டு வைம்மா" என்றாரே பார்க்கலாம்! என் கணவர் முதல் வாரம் சமையலறையில் நின்று "ரசம் எங்க இருக்கு? கரண்டி எங்க இருக்கு?" என்று ஏலம் போட்டார். இப்போது பழகிவிட்டது. என்னைக் கேட்டால் நாலு இட்லியை மூன்றாகக் குறைப்பதைவிட, நம் வீடுகளில் ஒரு பெண் எல்லோருக்கும் முன்னால் உட்கார்ந்து சாப்பிடுவதுதான் கஷ்டமான பத்தியம்.

நேரத்தை மாற்றிய பத்து நாளில், எடை குறையும் முன்பே ராத்திரி எரிச்சல் பாதி குறைந்தது. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் ஆறு அங்குல மரக்கட்டை வைக்கச் சொன்னார். தலையணை ரெண்டு அடுக்கினால் உடம்பு இடுப்பில் மடங்கி வயிற்றை இன்னும் அமுக்கும், அது உதவாது. "சறுக்கு மரத்துல படுத்த மாதிரி இருக்கு" என்று இவர் இன்றைக்கும் புலம்புகிறார். படுக்கும்போது இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வேண்டும். அப்போது இரைப்பையில் அமிலம் தேங்குகிற பகுதி உணவுக்குழாயின் வாசலுக்குக் கீழே போய்விடும். வலது பக்கம் படுத்தால் தலைகீழ். சாப்பிட்ட உடனே குனிந்து பெருக்குவது, துணி அலசுவது எல்லாவற்றையும் சாப்பாட்டுக்கு முன்னால் தள்ளிவிட்டேன்.

சாப்பாட்டில் பெரிய புரட்சி எதுவும் இல்லை. சாதம் நாலு கரண்டி இரண்டாயிற்று, காய் இரண்டு மடங்காயிற்று. சாயங்காலக் காபியோடு மிக்சர் போய் சுண்டல் வந்தது. எண்ணெய் மாதம் நாலு லிட்டரிலிருந்து இரண்டு. எண்ணெய்ப் பண்டம் இரைப்பையில் வெகுநேரம் தங்கும், அதனால் எரிச்சலுக்கும் சேர்த்தே அது எதிரி. புளியும் மிளகாயும் ஆளுக்கு ஆள் வித்தியாசம், எனக்குப் பெரிய தொந்தரவு இல்லை, அதனால் வத்தக்குழம்பை நான் கைவிடவில்லை!

நடைக்கு நாகேஸ்வர ராவ் பூங்கா. வீட்டிலிருந்து லஸ் பக்கம் நடந்தே போய், உள்ளே நாலைந்து சுற்று, திரும்ப நடை. அமிர்தாஞ்சன் கண்டுபிடித்தவர் பெயரிலுள்ள பூங்கா அது. தலைவலிக்குத் தைலம் கொடுத்த மனிதர் என் நெஞ்செரிச்சலுக்கும் உதவுகிறார் என்று சொல்லிச் சிரிப்பேன். சரியான சோதனை மார்கழியில்தான். டி.டி.கே. சாலைப் பக்கம் குடியிருந்துகொண்டு நாரத கான சபா, மியூசிக் அகாடமி கேன்டீன் வாசனையைத் தாண்டி வருவது சாமான்யமா? கச்சேரி முடிந்து ராத்திரி ஒன்பதரைக்குச் சாப்பிடுவதை மட்டும் விட்டேன். சாயங்காலம் ஐந்தரைக்கே ஒரு அடை, அவியலோடு முடித்துக்கொண்டு ராகம் தானம் பல்லவி கேட்கப் போய்விடுவேன்.

எட்டு மாதத்தில் ஏழு கிலோ குறைந்து 62 ஆனேன். இடுப்பு 94-லிருந்து 86. இன்னும் 80-ஐத் தொடவில்லை. நாலு கிலோ குறைந்தபோதே ராத்திரி விழிப்பது நின்றுவிட்டது. அதன் பிறகு டாக்டரே மாத்திரையை மெல்ல நிறுத்தச் சொன்னார். குரல் கம்முவதும் இல்லை. அமெரிக்காவில் 332 பேரை எடை குறைக்க வைத்து 2013-இல் வெளியிட்ட ஆய்விலும், எரிச்சல் இருந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு அது முழுக்கவே போய்விட்டதாம். மீதிப் பேருக்கு முழுக்கப் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டுமல்லவா? எனக்கே கல்யாண வீட்டு ராத்திரி விருந்து என்றால் மறுநாள் லேசாகத் தலைகாட்டும்.

எங்கள் டாக்டர் ஒரு தடவைகூட "குண்டு" என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. டேப்பை எடுத்தார், அளந்தார், காரணம் சொன்னார். கேலி செய்து யாரும் இளைத்ததில்லை. உங்கள் வீட்டில் இப்படி யாராவது ராத்திரி எழுந்து உட்கார்ந்துகொண்டிருந்தால், தையல் பெட்டியில் டேப் இருக்கும், எடுத்துப் பாருங்கள். சாயங்காலச் சுண்டலுக்கும் எண்ணெயில்லாத டிபனுக்கும் புதுசாக ஏதாவது தெரிந்தவர்கள் இந்தப் பகுதிக்கு எழுதினால் எனக்கு உதவியாக இருக்கும். கொண்டைக்கடலை, பட்டாணி, மொச்சை எல்லாம் இங்கே அலுத்துவிட்டது.

இதோ, கூடத்திலிருந்து மாமியார் குரல் கேட்கிறது. "மணி ஏழாகப் போறது, தட்டு வைக்கலியா?"

— ஒரு வாசகி,
ஆழ்வார்பேட்டை, சென்னை-18.